வரைபடம் பச்சையாக இருந்தால் விமானம் குலுங்காதா?

டெல்டா பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ பிள்ளைகள் இருக்கிற வீடு நாலாவது இருக்கும். திருச்சி விமான நிலையத்துக்குப் போய் வருவது இங்கே யாருக்கும் புதிதில்லை. 2024 மே மாதம் லண்டனிலிருந்து வந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் நடுவானில் குலுங்கி ஒருவர் இறந்த செய்தி வந்தது. அதற்கப்புறம் ஒரு புதுப் பழக்கம் ஆரம்பித்திருக்கிறது. ஊருக்குக் கிளம்புகிறவர்கள் இணையத்தில் டர்புலன்ஸ் மேப், அதாவது விமானம் எங்கே குலுங்கும் என்று நிறத்தில் காட்டுகிற வரைபடம், பார்க்கிறார்கள், அதன் ஸ்க்ரீன்ஷாட் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வருகிறது. பச்சையாக இருந்தால் நிம்மதி, மஞ்சள் தெரிந்தால் பயம். மன்னார்குடி அத்தை போன் பண்ணி, "ஏம்ப்பா, எல்லாம் பச்சையாத்தானே இருக்கு, பயமில்லையே?" என்று கேட்கிறார். வானிலை மாடல்களைப் பார்ப்பது எனக்குப் பல வருடப் பழக்கம் என்பதால் கேள்வி என்னிடம் வருகிறது. ஆமாம் என்று சொல்லிவிட்டால் அவருக்கு நிம்மதிதான், ஆனால் அது சரியான பதில் இல்லை. திருச்சி–சிங்கப்பூர் பாதைக்கு அந்தப் பச்சை நிறம் அநேகமாக எதையும் சொல்வதில்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் மாடல், அதாவது வானிலையைக் கணக்குப் போட்டுச் சொல்கிற கம்ப்யூட்டர் நிரல், என்ன பார்க்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஜிஎஃப்எஸ் என்கிற அமெரிக்க மாடலை எடுத்துக்கொள்வோம், இலவசமாகக் கிடைப்பதால் இணையத்தில் இருக்கிற பல வரைபடங்களுக்கு அதுதான் மூலம். ஒரு நாளைக்கு 4 முறை ஓடுகிறது. அதன் தரவு கால் டிகிரிக்கு ஒரு புள்ளி என்ற கணக்கில் வருகிறது, அதாவது சுமார் 28 கிலோமீட்டர். திருவாரூரிலிருந்து மன்னார்குடி ரோட்டில் போகிற தூரம் ஏறக்குறைய அவ்வளவுதான். அந்த இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கிற வானம் முழுவதற்கும், ஒவ்வொரு உயரத்திலும், அந்தத் தரவில் ஒரே ஒரு காற்று வேகம், ஒரே ஒரு வெப்பநிலை.

ஆனால் ஒரு பெரிய பயணிகள் விமானத்தைத் தூக்கிப்போடுகிற சுழல்களின் அளவு சுமார் 100 மீட்டரிலிருந்து 1 கிலோமீட்டர் வரை. அதைவிடப் பெரிய சுழலில் விமானம் மெதுவாக ஏறி இறங்கிவிடும், உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. மிகச் சிறியதாக இருந்தால் இறக்கை அதைக் கண்டுகொள்வதே இல்லை. வினாடிக்கு 250 மீட்டர் வேகத்தில் போகிற விமானம் அந்தத் தரவின் ஒரு கட்டத்தை 2 நிமிடத்துக்குள் தாண்டிவிடுகிறது, குலுக்குகிற சுழலை அதிகபட்சம் 4 வினாடியில். ஆகவே குலுக்கலை எந்த உலக மாடலும் நேரடியாகப் பார்ப்பதில்லை. 9 கிலோமீட்டர் கட்டம் வைத்திருக்கிற ஐரோப்பிய வானிலை மையத்தின் மாடலும் பார்ப்பதில்லை. வரைபடத்தில் நாம் பார்க்கிற நிறம், "இந்த இடத்தில் குலுக்கல் உருவாவதற்கான சூழ்நிலை இருக்கிறது" என்கிற ஊகம் மட்டும்தான்.

இந்த ஊகம் குருட்டாம்போக்கில் போடுவது இல்லை, அதற்குப் பின்னால் நல்ல இயற்பியல் இருக்கிறது. பெரிய அளவில் இருக்கிற ஆற்றல் படிப்படியாகச் சின்னச் சின்னச் சுழல்களுக்கு இறங்கி, கடைசியில் வெப்பமாகக் கரைந்துபோகிறது என்பதை 1941-ல் ரஷ்யக் கணிதவியலாளர் கோல்மொகோரோவ் கணக்காகவே எழுதிவிட்டார். அதனால் மாடலுக்குத் தெரிகிற பெரிய அளவு காற்றோட்டத்தை வைத்து, தெரியாத சின்ன அளவில் என்ன நடக்கும் என்று மதிப்பிட முடியும். கல்லணையில் ஷட்டர் திறந்திருக்கும்போது பாலத்தின் மேல் நின்று கீழே பார்த்தவர்களுக்குத் தெரியும்: வேகமாகப் பாய்கிற தண்ணீரும் மெதுவாக நகர்கிற தண்ணீரும் உரசுகிற கோட்டில்தான் சுழல் வரிசையாகக் கிளம்பும். மேலே வானத்திலும் இதே கதைதான். ஒரு காற்று அடுக்கு வேகமாகவும் அதற்குக் கீழே இன்னொன்று மெதுவாகவும் ஓடினால் நடுவில் சுழல் பிறக்கப் பார்க்கும். அதைத் தடுப்பது காற்றின் அடுக்கமைப்பு. கனமான குளிர்ந்த காற்று கீழேயும் லேசான காற்று மேலேயும் உறுதியாக உட்கார்ந்திருந்தால் சுழல் எழுந்தாலும் அமுங்கிவிடும்.

இந்த இரண்டு பலத்துக்கும் நடுவில் யார் ஜெயிப்பார்கள் என்பதைச் சொல்கிற ஒற்றை எண்தான் ரிச்சர்ட்சன் எண். அது 0.25-க்குக் கீழே போனால் அடுக்கு உடைந்து சுழலாக மாறலாம். விமானங்கள் பறக்கிற உயரத்தில் வழக்கமாக இருக்கிற அடுக்கமைப்பை வைத்துக் கணக்குப் போட்டால், 1 கிலோமீட்டர் உயர வித்தியாசத்தில் காற்றின் வேகம் வினாடிக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர், மாறினால் அந்த எல்லை வந்துவிடுகிறது. மாடலில் அந்த உயரத்தில் ஒரு அடுக்கின் தடிமனே சில நூறு மீட்டர் இருக்கும், அதனால் மெல்லிய அடுக்கில் இருக்கிற கூர்மையான மாற்றம் மழுங்கித்தான் தெரியும். நிஜத்தில் 0.25-க்குக் கீழே போயிருக்கிற இடம் மாடலில் 1 என்றோ 2 என்றோ தெரியலாம். முன்கணிப்பாளர்களுக்கு இது தெரியும், அதற்கேற்ப எல்லையைத் தளர்த்தி வைத்துக்கொள்கிறார்கள்.

லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சனைப் பற்றிச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. கம்ப்யூட்டர் என்ற இயந்திரமே இல்லாத காலத்தில், வானிலையைக் கணக்குப் போட்டே சொல்லலாம் என்று நம்பி, முதல் உலகப்போரில் ஆம்புலன்ஸ் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே ஐரோப்பாவின் ஒரு நாள் வானிலையைக் கையால் கணக்கிட்டவர். வெறும் 6 மணி நேர முன்கணிப்பு. விடை படுமோசமாக வந்தது: காற்றழுத்தம் 145 மில்லிபார் மாறும் என்றது, நிஜத்தில் அன்று அழுத்தம் அநேகமாக அசையவே இல்லை. அந்தத் தோல்வியையும் மறைக்காமல் 1922-ல் புத்தகமாகப் போட்டார். இன்றைக்கு இயற்பியல் சமன்பாடுகளைக் கணக்கிட்டு ஓடுகிற வானிலை மாடல்கள் அவர் போட்ட வழியில்தான் ஓடுகின்றன. விமானக் குலுக்கலை ஊகிக்க உதவுகிற எண்ணும் அவர் பேரில்தான் இருக்கிறது. எனக்கு அவர் மேல் இருக்கிற மரியாதைக்கு அளவே கிடையாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ரிச்சர்ட்சன் எண் ஒன்றை மட்டும் நம்பி யாரும் வரைபடம் போடுவதில்லை. 1992-ல் எல்ராட், நாப் என்ற இரண்டு பேர் காற்று இழுபட்டு உருக்குலைகிற அளவையும் உயரத்தோடு காற்று மாறுகிற அளவையும் பெருக்கி ஒரு குறியீட்டு எண் சொன்னார்கள், இன்றும் அது புழக்கத்தில் இருக்கிறது. இப்படிப் பல குறியீடுகளைச் சேர்த்து, எது நிஜ விமானிகளின் அறிக்கையோடு நன்றாகப் பொருந்துகிறதோ அதற்கு அதிக எடை கொடுத்து ஒரே விடையாக்குகிற முறையை அமெரிக்காவில் கொலராடோ வளிமண்டல ஆய்வு மையத்தில் ராபர்ட் ஷார்மன் குழுவினர் உருவாக்கினார்கள். 2003-லிருந்து அது அங்கே பயன்பாட்டில் இருக்கிறது. உலக அளவில் லண்டன், வாஷிங்டன் என்ற இரண்டு மையங்கள் விமானங்களுக்கான முன்கணிப்பைத் தயாரித்து எல்லா நாடுகளுக்கும் தருகின்றன.

விடை இடிஆர் என்கிற அளவில் வருகிறது, சுழலின் ஆற்றல் எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்பதன் கனமூலம் அது. 0.20-லிருந்து 0.45-க்குள் இருந்தால் நடுத்தரம், 0.45-ம் அதற்கு மேலும் கடுமையானது என்று சர்வதேச விதி. இதில் கவனிக்க வேண்டியது, இடிஆர் காற்றின் குணத்தைச் சொல்கிறது, விமானத்தின் குணத்தை இல்லை. அதே காற்றில் சென்னை–திருச்சி ஏடிஆர், அந்தச் சின்ன புரொப்பெல்லர் விமானம், அதிகமாக ஆடும், பெரிய போயிங் 777 குறைவாக ஆடும். மேலே சொன்ன எல்லைகள் நடுத்தர எடை விமானத்தை மனதில் வைத்துப் போட்டவை.

இந்த முறை எங்கே நன்றாக வேலை செய்கிறது? ஜெட் ஸ்ட்ரீம் ஓடுகிற இடங்களில். அட்லாண்டிக் மேலேயும், ஜப்பான் பக்கமும், குளிர்காலத்தில் வட இந்தியாவின் மேலேயும் மேற்கிலிருந்து பாய்கிற பலத்த காற்று இருக்கும். அது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு இருப்பதால் 28 கிலோமீட்டர் கட்டத்துக்கே தெளிவாகத் தெரிந்துவிடும், நாளைக்கு எங்கே இருக்கும் என்பதையும் மாடல் நன்றாகவே சொல்லும். மேகமே இல்லாத நீல வானத்தில் வருகிற குலுக்கல் பெரும்பாலும் இந்த வகை. 2023-ல் ரெடிங் பல்கலைக்கழகத்தார் செய்த ஆய்வு, வட அட்லாண்டிக்கின் ஒரு சராசரி இடத்தில் இந்த வகையில் கடுமையான குலுக்கல் 1979-ல் வருடத்துக்கு 17.7 மணி நேரம் இருந்தது, 2020-ல் 27.4 மணி நேரம் ஆகியிருக்கிறது என்று காட்டியது. கிட்டத்தட்ட 55 சதவீத உயர்வு. லண்டனிலிருந்து நியூயார்க் போகிறவர் அந்த வண்ண வரைபடத்தைப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது.

நம் வானம் வேறு. திருச்சி வட அட்சரேகை 11 டிகிரிக்குச் சற்றுக் கீழே, சிங்கப்பூர் 1.3 டிகிரி. பூமி சுழல்வதால் காற்றுக்குக் கிடைக்கிற திருப்பம் நடுக்கோட்டை நெருங்க நெருங்கக் குறைந்துகொண்டே போகும். வெப்பநிலை வித்தியாசமும் காற்று மாற்றமும் சேர்ந்தே போகும் என்கிற ஒழுங்கு, வட அட்சரேகை 40-ல் கச்சிதமாக இருப்பது, இங்கே தளர்ந்துவிடுகிறது. அந்த ஒழுங்கைப் பார்த்துத் தேறிய குறியீடுகள் பல இங்கே பலவீனமாகின்றன.

நமக்கும் ஒரு ஜெட் இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் காற்று வந்து திருச்சியையும் தஞ்சாவூரையும் உலுக்குகிறதே, அம்மியும் பறக்கும் என்று சொல்கிற காற்று, அதே நேரத்தில் 14, 15 கிலோமீட்டர் உயரத்தில் நேர் எதிர்த் திசையில், கிழக்கிலிருந்து மேற்காக, இன்னொரு பலத்த காற்று நம் தலைக்கு மேலே ஓடுகிறது. பின்னாளில் இந்திய வானிலைத் துறையின் தலைவரான கோட்டேஸ்வரம் 1958-ல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதி உலகத்துக்குத் தெரியப்படுத்தினார். காரைக்காலில் காலை 5:30, மாலை 5:30 நேரக் கணக்குக்காக வானிலை அளக்கிற பலூன் விடுகிறார்கள். ஆடியில் அந்த பலூன் ஒரே ஏற்றத்தில் இரண்டு காற்றையும் சந்திக்கும், முதலில் கடல் பக்கம் தள்ளப்பட்டு, உயரே போனதும் திரும்பி நிலத்துப் பக்கம் வரும். அந்தத் தரவு இணையத்தில் எல்லோருக்கும் கிடைக்கிறது. காலையில் காபியோடு அதைத்தான் முதலில் பார்ப்பேன்.

இவ்வளவு பெரிய எதிர்ப்பு இருந்தால் நடுவில் பயங்கரமாகக் குலுங்க வேண்டாமா என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1.5 கிலோமீட்டரில் மேற்கிலிருந்து வினாடிக்கு 15 மீட்டர், 15 கிலோமீட்டரில் கிழக்கிலிருந்து 35 மீட்டர் என்று வைத்தால் மொத்த வித்தியாசம் 50 மீட்டர், ஆனால் அது 13.5 கிலோமீட்டர் உயரத்தில் பரவிக் கிடக்கிறது. ரிச்சர்ட்சன் எண் 7-க்கு மேலே வருகிறது, 0.25 பக்கத்திலேயே இல்லை. நம் விமானங்கள் 9-லிருந்து 12 கிலோமீட்டர் வரை பறப்பதால் அந்த ஜெட்டின் மையத்துக்குக் கீழேயே போய்விடுகின்றன. ஆக வரைபடம் பச்சை. அதில் தவறு எதுவும் இல்லை, கேட்ட கேள்விக்கு மாடல் சரியான பதில்தான் தருகிறது. நம் பாதையில் விமானத்தைக் குலுக்குவது அநேகமாக அந்தக் கேள்விக்குள் வராத ஒன்று.

அது இடிமேகம். ஐப்பசி கார்த்திகையில் வங்கக்கடல் மேலே எழும்புகிற மேகக் கூட்டங்கள் 15 கிலோமீட்டரைத் தாண்டி வளரும். உள்ளே காற்று செங்குத்தாக ஏறும், இறங்கும். மேகத்துக்கு வெளியேயும், மேலேயும், அது கிளப்பிய அலைகள் பரவி உடைகிற இடத்தில் குலுங்கும். அதனால்தான் கடுமையான இடிமேகத்தைக் குறைந்தது 20 நாட்டிக்கல் மைல், அதாவது 37 கிலோமீட்டர், விலகிப் போகச் சொல்கிறார்கள். தனி இடிமேகம் ஒன்று பிறந்து மடிய ஒரு மணி நேரம்கூட ஆகாது. உலக மாடலோ காலை 5:30 நிலவரத்தை வாங்கி, கணக்குப் போட்டு, முடிவை வெளியே தருவதற்கே சில மணி நேரம் ஆகிறது. 28 கிலோமீட்டர் கட்டத்துக்குள் ஒரு தனி மேகம் தெரியவும் தெரியாது. "இந்தக் கட்டத்தில் மேகம் எழும்பக்கூடிய நிலை இருக்கிறது" என்று ஒரு தோராய விதி போட்டு மழையைக் கணக்கிடுகிறார்கள். அந்த இரண்டு உலக மையங்களின் வெளியீட்டிலும் குலுக்கல் தனி, இடிமேகம் தனி. நீங்கள் போனில் பார்க்கிற பச்சைப் படத்தில் இருப்பது பெரும்பாலும் முதலாவது மட்டும்.

2024 மே 21 சம்பவமும் இதைத்தான் காட்டுகிறது. மியான்மரின் ஐராவதி ஆற்றுப் படுகைக்கு மேலே 37,000 அடியில் போய்க்கொண்டிருந்தது விமானம். வளர்ந்துகொண்டிருந்த மேகக் கூட்டத்துக்கு மேலே அது பறந்திருக்கலாம் என்று சிங்கப்பூர் விசாரணை அமைப்பின் முதற்கட்ட அறிக்கை சொன்னது. 0.6 வினாடிக்குள் விசை பிளஸ் 1.35 ஜி-யிலிருந்து மைனஸ் 1.5 ஜி-க்குப் போனது (தரையில் நிற்கும்போது நாம் உணர்கிற எடைதான் 1 ஜி). பெல்ட் போடாதவர்கள் கூரையை நோக்கித் தூக்கி எறியப்பட்டது அந்த நொடியில்தான். அந்த 0.6 வினாடியையும் சேர்த்து மொத்தம் 4.6 வினாடியில் விமானம் 178 அடி இறங்கியது. "ஆறாயிரம் அடி விழுந்தது" என்று அன்று ஊரெல்லாம் பரவியது இதைப் பற்றி இல்லை, பாங்காக்குக்குத் திருப்பிவிடுவதற்காக விமானி பிறகு நிதானமாக இறக்கியது அது. 178 அடி என்பது ஒன்றுமே இல்லாத உயரம். ஆட்கள் அடிபட்டதற்கு உயரம் காரணமில்லை, அந்தச் சில வினாடிகளில் விசை தலைகீழாக மாறியதுதான் காரணம்.

விமானத்தின் மூக்கில் ரேடார் இருக்குமே என்று கேட்கலாம். இருக்கிறது. அது மழைத்துளியை நன்றாகப் பார்க்கும், மேக உச்சியில் இருக்கிற பனித்துகளை மங்கலாகத்தான் பார்க்கும், வெறும் காற்றைப் பார்க்கவே பார்க்காது. கீழிருந்து வேகமாக வளர்ந்து வருகிற மேகம் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான அடி ஏறும். காரைக்காலில் இருக்கிற டாப்ளர் ரேடார் நமக்குப் புயலுக்கும் மழைக்கும் பெரிய துணை, 2018 கஜா சமயத்தில் அதன் படத்தைப் பார்த்துக்கொண்டே எத்தனை பேர் ராத்திரி முழுக்க விழித்திருந்தோம்! ஆனால் சில நூறு கிலோமீட்டருக்கு அப்பால், நடுக்கடலில், அதன் பார்வை எட்டாது.

அதனால் சிங்கப்பூர் பாதைக்கு என்னிடம் யாராவது கேட்டால் நான் பச்சைப் படத்தைப் பார்ப்பதில்லை, செயற்கைக்கோளின் அகச்சிவப்புப் படத்தைப் பார்க்கிறேன். நம் இன்சாட் படங்கள் இந்திய வானிலைத் துறை தளத்தில் கிடைக்கும், கிழக்கு வங்கக்கடலுக்கும் மலாக்கா பக்கத்துக்கும் ஜப்பானின் ஹிமாவாரி 10 நிமிடத்துக்கு ஒரு படம் தருகிறது. மேக உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது (அதிகம் குளிர்ந்திருந்தால் மேகம் அவ்வளவு உயரம்), முந்தைய படத்துக்கும் இதற்கும் எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதில் பாதி விஷயம் தெரிந்துவிடும். விமானிகளுக்கு இதோடு சிக்மெட் என்கிற எச்சரிக்கையும் வரும், நம் வான் எல்லைக்குச் சென்னையிலிருந்து கொடுக்கிறார்கள். திருச்சியிலிருந்து ராத்திரி கிளம்பி விடியற்காலையில் சிங்கப்பூர் இறங்குகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும்: ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை சுமத்ராவிலும் மலாக்கா நீரிணையிலும் ராத்திரியில் உருவாகிற புயல்கோடு ஒன்று விடியற்காலையிலோ காலையிலோ சிங்கப்பூரைத் தாண்டும். சுமத்ரா ஸ்குவால் என்று அதற்குப் பேரே இருக்கிறது. இறங்குகிற நேரத்தில் அது குறுக்கே வந்தால் குலுங்கும், அல்லது வட்டமடிக்க விடுவார்கள். இரண்டுமே வழக்கமான விஷயம்தான்.

ஏடிஆரில் சென்னை போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது 25,000 அடிக்கு மேலே போகாத விமானம். கத்திரி வெயிலில் வயலெல்லாம் காய்ந்து வெடித்துக் கிடக்கிற மே மாத மதியத்தில் தரை சூடாகி எழுப்புகிற காற்றுக் குமிழ்களுக்குள்ளேயே அது ஏறி இறங்க வேண்டும். காலை முதல் விமானத்தில் டிக்கெட் போடுங்கள், தரை சூடாவதற்குள் போய்விடலாம். மேட்டூர் தண்ணீர் வந்து குறுவை நடவு ஆனதும் அதே நிலம் ஈரமாகி அவ்வளவு சூடு கிளம்பாது. ஆனால் மாடலுக்கு மண்ணின் ஈரம் ஒரு மதிப்பீடுதான். எந்த வாய்க்காலில் என்றைக்குத் தண்ணீர் விட்டார்கள் என்பது அதற்குத் தெரியாது.

நிலைமை நல்லபடியாக மாறிக்கொண்டும் இருக்கிறது. 2025 மே மாதம் இந்தியா 6 கிலோமீட்டர் கட்டமுள்ள பாரத் முன்கணிப்பு மாடலைத் தொடங்கியது, புனே வெப்பமண்டல வானிலை நிறுவனத்தின் உழைப்பு அது. வெப்பமண்டலத்துக்காக நம் ஆட்களே யோசித்துச் செய்தது என்பதில் எனக்கு உண்மையான சந்தோஷம். 6 கிலோமீட்டரிலும் தனி மேகம் முழுசாகத் தெரியாது, ஆனால் மேகக் கூட்டம் எங்கே கிளம்பும் என்பது 28 கிலோமீட்டரைவிடத் தெளிவாகும். ஒரே மாடலைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிப் பலமுறை ஓட்டி, "இத்தனை ஓட்டத்தில் இத்தனையில் குலுக்கல் வருகிறது" என்று சதவீதமாகச் சொல்கிற முறையும் வளர்ந்து வருகிறது. எனக்கு அதுதான் நேர்மையான வழி என்று படுகிறது. ஒரே ஒரு பச்சை நிறத்துக்குப் பதில் "பத்தில் மூன்று வாய்ப்பு" என்று சொன்னால் அத்தைக்கும் புரியும். அறுவடைக்கு ஆள் சொல்லும்போது மழை பற்றி அவர் யோசிப்பதே அப்படித்தான்.

எல்லாவற்றையும்விட நான் எதிர்பார்ப்பது விமானங்களிலிருந்தே வருகிற அளவுகளை. இப்போதே பல விமானங்கள் தாங்கள் அனுபவிக்கிற இடிஆர் அளவைத் தானாகவே கணக்கிட்டு அனுப்புகின்றன, பின்னால் வருகிற விமானத்துக்கு அது சில நிமிடத்தில் கிடைக்கிறது. வங்கக்கடல் நடுவில் பலூன் விட ஆள் கிடையாது, ரேடார் கிடையாது, அங்கே தினமும் போய் வருகிற ஒரே கருவி பயணிகள் விமானம்தான். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் போகிற ஒவ்வொரு விமானமும் அந்த அளவை எடுத்து அனுப்பி, அது மாடல் செய்கிறவர்களின் கைக்கும் போய்ச் சேர்ந்தால், நம் கடல் மேலே எந்தக் குறியீடு பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்பதை அட்லாண்டிக்கைப் பார்க்காமல் இங்கேயே சோதித்துத் திருத்தலாம். அதுவரைக்கும் அத்தைக்கு நான் சொல்வது, பெல்ட் விளக்கு அணைந்தாலும் உட்கார்ந்திருக்கும்போது பெல்ட்டைக் கழற்றாதீர்கள், தூங்கினாலும் போர்வைக்கு மேலே மாட்டிக்கொண்டு தூங்குங்கள் என்பதைத்தான்.